‘ஃபோர்காஸ்ட்’ என்றால் என்ன? ‘பிரெடிக்ட்’ இருக்கும்போது இது எதற்கு?

மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருபவர்களில் ஒருவர் தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறார். புரட்டாசிக் கடைசியில் ஒருநாள், முதலாளிக்கு அனுப்பவேண்டிய மின்னஞ்சலைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு நாளில் மழை வரும் என்று வானிலை மையம் சொல்லியிருக்கிறது, பாத்தியில் விளைந்து கிடக்கும் உப்பை இன்றைக்கே வாரிவிடலாமா, அம்பாரத்துக்கு ஓலை போட ஆள் சொல்லிவிடலாமா என்பதுதான் செய்தி. முதல் வரி இப்படி இருந்தது: “வெதர் ஆபீஸ் ஃபோர்காஸ்டட் அபவுட் தி ரெயின் பிஃபோர்ஹேண்ட்.”

முதலாளிக்கு இது புரியும். ஆனாலும் அந்த ஒரே வரியில் ‘ஃபோர்காஸ்ட்’ என்ற வினைச்சொல்லோடு நாம் மல்லுக்கட்டும் மூன்று இடங்கள் இருந்தன. ‘ஃபோர்காஸ்டட்’ சரியா? ‘அபவுட்’ வேண்டுமா? ‘பிஃபோர்ஹேண்ட்’ எதற்கு? அவர் நான்காவதாகவும் ஒன்று கேட்டார். “பிரெடிக்ட்னு ஒரு சொல் எனக்குத் தெரியும் சார். அதையே போட்டால் என்ன?”

அந்த நான்காவது கேள்விதான் நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற மூன்றும் லேசாகிவிடும்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஃபோர்’ என்றால் முன்னே. நெற்றிக்கு ‘ஃபோர்ஹெட்’, முன்கைக்கு ‘ஃபோர்ஆர்ம்’, முன்னோருக்கு ‘ஃபோர்ஃபாதர்ஸ்’ என்கிறோமே, அதே ஒட்டுதான். எழுதும்போது எஃப், ஓ, ஆர் என்று நிறுத்தாமல் ஈ-யும் போடவேண்டும். ‘ஃபர்கெட்’, ‘ஃபர்கிவ்’ ஆகியவற்றின் தொடக்கத்தில் இருப்பது வேறு ஒட்டு. அதில் ஈ வராது, ‘முன்’ என்ற பொருளும் கிடையாது. ‘முன்’ என்று பொருள் வந்தால் ஈ உண்டு என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் எழுத்துப்பிழை வராது.

அடுத்தது ‘காஸ்ட்’. விலையைக் குறிக்கும் சொல் இல்லை இது. வடக்கு ஐரோப்பியக் கடலோடிகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘எறி, வீசு’ என்ற சொல். மீனுக்குத் தூண்டில் வீசுவதும் ‘காஸ்ட்’தான். கையால் விதையை வீசி வயல் முழுக்கத் தூவுவதற்கு ஆங்கிலத்தில் ‘பிராட்காஸ்ட்’ என்று பெயர். நம் ஊரில் நாற்று நடாமல் நெல்லை நேராக வீசி விதைப்பார்களே, அது. வானொலி வந்தபோது, ஒலியை நாலா பக்கமும் தூவுவதால் அந்த வேளாண்மைச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். இன்று ‘பிராட்காஸ்ட்’ என்றால் யாருக்கும் விதை ஞாபகம் வருவதில்லை.

வீசுவது என்ற பொருளிலிருந்து ‘காஸ்ட்’ இன்னொரு பக்கமும் கிளை விட்டது. ஒரு காலத்து ஆங்கிலத்தில் கணக்குப் போடுவதற்கும் ‘காஸ்ட்’ என்றார்கள். அந்தப் பொருள் இன்றும் ஒரு தொடரில் உயிரோடு இருக்கிறது: ஜாதகம் கணிப்பதை ஆங்கிலத்தில் ‘காஸ்ட் எ ஹாரஸ்கோப்’ என்றுதான் சொல்கிறார்கள். இங்கே நமக்கு ஒரு வசதி. தமிழிலும் ஜாதகத்தை எழுதுகிறோம் என்பதைவிடக் கணிக்கிறோம் என்பதுதான் வழக்கம். நாளையும் கோளையும் கணக்கிட்டவர் கணியன். அதே ‘கணி’யோடு கணக்கு, கணிப்பு, கணிதம் என்று ஒரு குடும்பமே சேர்ந்து நிற்கிறது, நம் காலத்தில் கணினியும் அதில் சேர்ந்துகொண்டது. ஆக, ‘ஃபோர்காஸ்ட்’ என்பதற்குத் தமிழில் ‘முன்கூட்டிக் கணி’ என்று நேராகவே சொல்லலாம். சொல்லுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வினை ஆங்கிலத்துக்கு வந்தபோது, முன்கூட்டியே திட்டம் போடுவது என்ற பொருளில்தான் புழங்கியது. வரப்போவதைச் சொல்வது என்ற பொருள் அடுத்த நூற்றாண்டில் சேர்ந்தது. மழைக்கும் காற்றுக்கும் இது சொந்தமானது அதற்கும் மிகப் பிந்தி, ஒரே ஒரு மனிதரால்.

அந்த மனிதர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். சார்லஸ் டார்வினை 1831 முதல் 1836 வரை உலகம் சுற்றிக் காட்டிய பீகிள் கப்பலின் கேப்டன். 1854-இல் பிரிட்டிஷ் அரசு வானிலைக்கென்று ஒரு சிறு அலுவலகம் தொடங்கி அதற்கு இவரைத் தலைவராக்கியது. கடலில் காற்று எப்படி வீசுகிறது என்று கப்பல்களிடமிருந்து குறிப்பு சேகரிப்பதுதான் வேலை. நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

1859 அக்டோபரில் மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்த ராயல் சார்ட்டர் என்ற கப்பல், ஊர் போய்ச் சேரும் தறுவாயில், வேல்ஸின் ஆங்கிள்சி தீவுக்கரையில் புயலில் சிக்கிப் பாறையில் மோதி உடைந்தது. ஆஸ்திரேலியாவில் தங்கம் தோண்டிச் சேர்த்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் பலர் அதில் இருந்தார்கள். சுமார் 450 பேர் இறந்தார்கள். கரைக்கு அவ்வளவு பக்கத்தில். புயல் வருவதை ஓரிடத்தில் பார்த்ததும் அடுத்த இடத்துக்குத் தந்தி அடித்தால் இந்த உயிர்களைக் காக்கலாமே என்பது ஃபிட்ஸ்ராயின் வாதம். 15 இடங்களிலிருந்து தினமும் காற்றழுத்தம், காற்று, வெப்பம் எல்லாம் தந்தியில் அவர் மேசைக்கு வர ஏற்பாடு செய்தார். 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். கூம்பு வடிவத்திலும் உருளை வடிவத்திலும் அடையாளங்கள் செய்து கொடிக்கம்பத்தில் ஏற்றுவார்கள். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் ‘1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று செய்தி வருகிறதே, அந்தக் கூண்டுகளும் கூம்பும் உருளையும்தான். நம் துறைமுகங்களில் அது 11 எண் வரை போகிறது. பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று பொருள். 

அதே 1861 ஆகஸ்ட் 1-ஆம் தேதி லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் அவருடைய முதல் பொது வானிலைக் கணிப்பு வெளிவந்தது. வடக்கே மிதமான மேலைக்காற்று, வானம் தெளிவு என்கிற அளவில் சில வரிகள், அவ்வளவுதான். அன்றைய இங்கிலாந்தில் வானிலை ஆரூடம் சொல்லும் பஞ்சாங்கங்கள் அமோகமாக விற்றன. தன்னையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு இருந்தது. அதனால் சொல்லைப் பொறுக்கி எடுத்தார். இவை தீர்க்கதரிசனமும் இல்லை, பிரெடிக்‌ஷனும் இல்லை, அறிவியல் முறையில் விவரங்களைச் சேர்த்துக் கணக்கிட்டதால் கிடைத்த ஓர் அபிப்பிராயத்துக்கே ‘ஃபோர்காஸ்ட்’ என்ற பெயர் பொருந்தும் என்று 1863-இல் தன் புத்தகத்தில் விளக்கம் எழுதினார்.

‘அபிப்பிராயம்’ என்று அவரே சொன்னதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கனக்கிறது. கணித்தது தவறியபோதெல்லாம் பத்திரிகைகளும் அறிவியல்காரர்களும் அவரை அதற்காகவே பிடித்து உலுக்கினார்கள். 1865-இல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டே பொதுமக்களுக்கான கணிப்புகளை நிறுத்திவிட்டார்கள், 1879-இல்தான் மறுபடி தொடங்கினார்கள். சொல் மட்டும் நிலைத்துவிட்டது. பிரிட்டிஷ் வானொலியில் கப்பல்களுக்காக வாசிக்கும் கணிப்பில், ஸ்பெயினுக்கு அப்பால் உள்ள ஒரு கடற்பரப்புக்கு 2002 முதல் ஃபிட்ஸ்ராய் என்று பெயர்.

சரி, இப்போது ‘பிரெடிக்ட்’டுக்கு வருவோம். இது லத்தீன். ‘பிரை’ என்றால் முன், ‘டிகெரே’ என்றால் சொல். டிக்டேஷன், டிக்‌ஷனரி எல்லாம் அந்தச் ‘சொல்’ குடும்பம். ஆக, ‘பிரெடிக்ட்’ என்றால் முன்னால் சொல். எதை வைத்துச் சொன்னாய் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. ராக்கெட் விஞ்ஞானி சொன்னாலும் அதுதான், டீக்கடையில் யார் ஜெயிப்பார் என்று ஒருவர் அடித்துச் சொன்னாலும் அதுதான். ‘ஃபோர்காஸ்ட்’ அப்படி இல்லை. பின்னால் தரவு இருக்கவேண்டும், ஒரு முறை இருக்கவேண்டும், இந்தக் காலத்துக்குள் இந்த இடத்தில் என்று ஒரு வரம்பும் இருக்கவேண்டும். உன் தம்பி இன்றைக்கும் லேட்டாகத்தான் வருவான் என்று சொல்ல ‘ஐ ஃபோர்காஸ்ட்’ என்று ஆரம்பித்தால் ஆங்கிலக் காதுக்கு வேடிக்கையாகப் படும். அங்கே ‘ஐ பிரெடிக்ட்’ போதும்.

அப்படியானால் ‘பிரெடிக்ட்’ தரம் குறைந்த சொல்லா? இல்லவே இல்லை. எட்மண்ட் ஹாலி என்ற வானியலாளர், 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தெரிந்த வால்நட்சத்திரங்கள் மூன்றும் ஒன்றே என்று கண்டுபிடித்து, அது 1758 வாக்கில் திரும்பி வரும் என்று 1705-இல் சொன்னார். 1742-இல் இறந்துபோனார். 1758 கிறிஸ்துமஸ் அன்று ஜெர்மனியில் பாலிட்ச் என்ற விவசாயி தன் தொலைநோக்கியில் அதைப் பார்த்தார். ஹாலி செய்ததை ஆங்கிலத்தில் ‘பிரெடிக்ட்’ என்றுதான் எழுதுகிறார்கள். கிரகணத்துக்கும் அதே. இன்ன நாள், இன்ன நிமிடம் என்று அடித்துச் சொல்லக்கூடியது அது. ‘எக்ளிப்ஸ் இஸ் ஃபோர்காஸ்ட்’ என்று யாரும் எழுதமாட்டார்கள். எழுதினால், கிரகணம் வரலாம், வராமலும் போகலாம் என்பது போல ஆகிவிடும்.

இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் உள்ள கோடு மிகக் கூர்மையாகத் தெரியும் இடம் நிலநடுக்கம். எந்தத் தேதியில், எந்த இடத்தில், எவ்வளவு பெரியதாக என்ற மூன்றையும் சொன்னால்தான் அது ‘பிரெடிக்‌ஷன்’ என்பது அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் வரையறை. அப்படி ஒரு பெரிய நிலநடுக்கத்தை உலகில் எந்த விஞ்ஞானியும் முன்கூட்டிச் சொன்னதில்லை என்று அந்தத் துறை வெளிப்படையாகச் சொல்கிறது. அதே துறை ‘ஃபோர்காஸ்ட்’ மட்டும் வெளியிடுகிறது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 2014 தொடங்கி 2043-க்குள் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் ஒரு நிலநடுக்கமாவது வர 72 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பது அப்படிப்பட்ட ஒரு கணிப்பு. தேதி கிடையாது, ஊர் கிடையாது. ஆனால் கட்டடத்துக்கு எவ்வளவு கம்பி போடுவது, காப்பீட்டுக்கு எவ்வளவு வசூலிப்பது என்று முடிவெடுக்க அது போதும். சமூக ஊடகத்தில் ‘வரும் வெள்ளிக்கிழமை பூகம்பம்’ என்று ஒரு செய்தி சுற்றினால், அது இந்த இரண்டில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். தேதி போட்டிருந்தால் நம்பவேண்டாம்.

இதே தெருவில் குடியிருக்கும் மற்ற சொற்களையும் ஒரு நடை பார்த்துவிடலாம். ‘ஃபோர்டெல்’ கதைகளிலும் புராணங்களிலும் வருவது. நம்மிடம் குறி சொல்வது, ஆரூடம் சொல்வது என்றெல்லாம் இருக்கிறதே, அந்த வாசனை. சாமியாடி சொல்லும் அருள்வாக்குக்கு அருகில் நிற்பது ‘ப்ராஃபெசை’. அதன் பெயர்ச்சொல் ‘ப்ராஃபெசி’. கடைசி ஒலி ‘சை’ என்றால் வினை, ‘சி’ என்றால் பெயர், எழுத்திலும் வினைக்கு எஸ், பெயருக்கு சி. ‘ஃபோர்சீ’ என்றால் மனக்கண்ணில் முன்கூட்டியே காண்பது, வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பதில்லை. மக்கள்தொகை போன்றவற்றுக்கு ‘ப்ரொஜெக்ட்’ என்பார்கள். இப்போதைய போக்கு இப்படியே தொடர்ந்தால் இங்கே போய் நிற்கும் என்று கோட்டை நீட்டிப் பார்ப்பது அது.

‘ஆன்டிசிபேட்’ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய சொல். நம்மில் பலர் அதை ‘எதிர்பார்’ என்று மட்டும் மொழிபெயர்த்துவிட்டுப் போய்விடுகிறோம். அதன் லத்தீன் வேருக்கு ‘முன்னதாகவே எடுத்துக்கொள்’ என்று பொருள். முன்ஜாமீனுக்கு வக்கீல்கள் சொல்லும் ஆங்கிலப் பெயரை நினைத்துப் பாருங்கள்: ‘ஆன்டிசிபேட்டரி பெயில்’. கைது செய்துவிடுவார்களோ என்று எதிர்பார்த்து, அதற்கு முன்பே ஜாமீன் எடுத்துக்கொள்வது. எதிர்பார்ப்பும் முன்னேற்பாடும் ஒரே சொல்லில். வானிலை மையம் மழையை ‘ஃபோர்காஸ்ட்’ செய்கிறது, உப்பளக்காரர் ஓலைக்கு ஆள் சொல்லி அதை ‘ஆன்டிசிபேட்’ செய்கிறார்.

இனி வாக்கியத்தில் எப்படிப் போடுவது என்று பார்ப்போம்.

காலம் மாறும்போது ‘காஸ்ட்’ மாறாது. ‘கட்’, ‘புட்’, ‘ஹிட்’ எப்படி நேற்றும் இன்றும் ஒன்றாகவே இருக்கின்றனவோ, அப்படியே ‘காஸ்ட்’, ‘பிராட்காஸ்ட்’, ‘ஃபோர்காஸ்ட்’. நேற்று மழையைக் கணித்தார்கள் என்பதற்கு ‘தே ஃபோர்காஸ்ட் ரெயின் யெஸ்டர்டே’ என்றால் சரி. ‘ஃபோர்காஸ்டட்’ என்ற வடிவத்தையும் அகராதிகள் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே என் மாணவர் எழுதியது பிழை இல்லை. ஆனாலும் பத்திரிகைகளிலும் அறிக்கைகளிலும் கூடுதலாகக் காண்பது ‘ஃபோர்காஸ்ட்’தான். பழகும்போதே அதைப் பழகிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

‘அபவுட்’தான் உண்மையான பிழை. மழையைப் பற்றிச் சொன்னார்கள் என்று தமிழில் நினைத்துவிட்டு, ‘பற்றி’க்கு ஒரு ‘அபவுட்’டைப் போட்டுவிடுகிறோம். இந்த வினைக்கு நடுவில் ஆள் தேவையில்லை. எதைக் கணித்தார்களோ அது நேராக அடுத்து வந்து உட்கார்ந்துவிடும்: ஃபோர்காஸ்ட் ரெயின், ஃபோர்காஸ்ட் எ லாஸ், ஃபோர்காஸ்ட் குரோத். ஒரு முழுச் செய்தியைச் சொல்லவேண்டுமானால் ‘தட்’ போட்டுத் தொடரலாம். எப்போதைக்கு, எந்த இடத்துக்கு என்பதைச் சேர்க்க ‘ஃபார்’ வரும்: ‘ஹெவி ரெயின் இஸ் ஃபோர்காஸ்ட் ஃபார் தர்ஸ்டே’. இந்தச் செயப்பாட்டு வடிவத்தை மனப்பாடமே செய்துகொள்ளலாம், அவ்வளவு அதிகமாக வரும். இதன் இன்னொரு வடிவம் வணிகச் செய்திகளில் தினமும் கண்ணில் படுவது: ‘ப்ராஃபிட்ஸ் ஆர் ஃபோர்காஸ்ட் டு ரைஸ்’. லாபம் உயரக்கூடும் என்று கணிக்கப்பட்டுள்ளது என்று பொருள்.

‘பிஃபோர்ஹேண்ட்’ வேண்டாம். ‘ஃபோர்’ என்று முன்னாலேயே ஒரு ‘முன்’ இருக்கிறது. தமிழில் ‘முன்கூட்டியே முன்னறிவித்தார்கள்’ என்று எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அது.

பெயர்ச்சொல்லும் இதே வடிவம்தான், ‘தி வெதர் ஃபோர்காஸ்ட்’ என்கிறோமே. ‘ரெக்கார்ட்’, ‘ப்ரெசென்ட்’ போன்ற சொற்களில் பெயருக்கும் வினைக்கும் அழுத்தம் இடம் மாறும். இங்கே மாறாது, இரண்டிலும் முதல் அசையில்தான் அழுத்தம். கணிப்பவர் ‘ஃபோர்காஸ்டர்’. அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் சொல்வதற்கு வானிலைத் துறையில் ‘நவ்காஸ்ட்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. நடந்து முடிந்த புயலின் பழைய தரவைக் கணினி மாதிரிக்குக் கொடுத்து, அப்போதே இதைச் சரியாகச் சொல்லியிருக்குமா என்று சோதிப்பதற்கு ‘ஹிண்ட்காஸ்ட்’. ‘பின்’ என்று பொருள்படும் ஒட்டைப் போட்டு விளையாட்டாகச் செய்தது போல இருந்தாலும் தொழிலில் நிஜமாகவே புழங்கும் சொல் அது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘வானிலை முன்னறிவிப்பு’ நிலைபெற்றுவிட்டது, நல்ல சொல்தான். எனக்கு அதில் ஒரு சின்னக் குறை மட்டும் உண்டு. ‘அறிவிப்பு’ என்றதும் ஏதோ முடிவாகிவிட்டதை ஒலிபெருக்கியில் சொல்வது போல இருக்கிறது. ரயில் வருகை அறிவிப்பு, தேர்வு முடிவு அறிவிப்பு என்று கேட்டுப் பழகிய காது அது. அதனால் மழை வராவிட்டால் ‘அறிவித்தார்களே, வரவில்லையே’ என்று கோபம் வருகிறது. ‘கணிப்பு’ என்றால் கணக்கு என்பது கூடவே கேட்கிறது. வினையாக எழுதும்போது நான் ‘கணித்திருக்கிறார்கள்’ என்றே எழுதுகிறேன்.

உண்மையில் நம் வானிலை அறிக்கையின் தமிழ் இந்த வினையை மிக நன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது. ‘ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்’. அந்தக் ‘கூடும்’ இருக்கிறதே, அதுதான் ஃபிட்ஸ்ராய் சொன்ன அபிப்பிராயம். ‘பெய்யும்’ என்று அவர்கள் எழுதுவதில்லை. ‘ஓரிரு இடங்களில்’ என்பதும் வாய்க்கு வந்த சொல் இல்லை, அதற்கு அளவு உண்டு. அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் அல்லது அதற்கும் குறைவான இடங்களில் என்று பொருள். ‘கனமழை’ என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. அதற்கு மேல் 204.4 வரை ‘மிகக் கனமழை’. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் எண் நிற்கிறது.

இதைச் சொன்னதும் உப்பளத்துக் கணக்கர் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். சற்று நேரம் யோசித்து, அடித்துவிட்டு, மறுபடி எழுதினார்: “ரெயின் இஸ் ஃபோர்காஸ்ட் ஃபார் தர்ஸ்டே அட் ஐசொலேட்டட் பிளேசஸ். ஷேல் வீ கவர் தி ஹீப்ஸ்?” அப்புறம் செல்பேசியை எடுத்துக்கொண்டு, ஓலைக்கு ஆள் சொல்ல வெளியே போனார்.